சிங்கப்பூரில் பொது விடுமுறையை ஒட்டி விடுப்பும் பயணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தமிழர்களின் விடுப்பு பல பக்கம் பிரிந்து போகிறது. தீபாவளிக்கு ஊர், பிள்ளைகளின் ஜூன் விடுமுறை, தைப்பூசம், ஜொகூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் உடல்நிலை என்று எல்லாவற்றுக்கும் அதே சில நாள்கள்தான். அதனால் பொது விடுமுறைகளை ஒட்டி விடுப்பைத் திட்டமிடுவது நமக்கு உல்லாசப் பயணத்துக்காக மட்டும் செய்யும் வேலை இல்லை. எடுத்துக்காட்டுகளை 2026 நாட்காட்டியிலிருந்து எடுத்திருக்கிறேன். கணக்குப் போடும் முறை எந்த ஆண்டுக்கும் ஒன்றுதான்.

ஆண்டுக்கு எத்தனை பொது விடுமுறை? தேதிகள் எப்போது தெரியவரும்?

மொத்தம் 11. மனிதவள அமைச்சு அடுத்த ஆண்டுக்கான பட்டியலை வழக்கமாக நடப்பு ஆண்டின் நடுப்பகுதியில் வெளியிட்டுவிடும். அதை வைத்து ஆறு மாதம் முன்கூட்டியே யோசிக்கலாம்.

2026இல் புத்தாண்டு ஜனவரி 1, வியாழன். சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17, 18, செவ்வாயும் புதனும். நோன்புப் பெருநாள் மார்ச் 21, சனி. புனித வெள்ளி ஏப்ரல் 3. மே தினம் வெள்ளி. ஹஜ்ஜுப் பெருநாள் மே 27, புதன். விசாக தினம் மே 31, ஞாயிறு. தேசிய தினம் ஆகஸ்ட் 9, ஞாயிறு. தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. கிறிஸ்துமஸ் டிசம்பர் 25, வெள்ளி.

விடுமுறை ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீணா?

இல்லை. ஞாயிறு வரும் பொது விடுமுறைக்கு மறுநாள் திங்கள் விடுமுறை. 2026இல் விசாகம், தேசிய தினம், தீபாவளி மூன்றும் ஞாயிறு என்பதால் ஜூன் 1, ஆகஸ்ட் 10, நவம்பர் 9 ஆகிய திங்கள்கள் கிடைக்கின்றன. புனித வெள்ளி, மே தினம், கிறிஸ்துமஸ் மூன்றும் வெள்ளியில் வருகின்றன. விடுப்பில் ஒரு நாளைக்கூடத் தொடாமல் ஆறு நீண்ட வார இறுதிகள்.

சனிக்கிழமை வந்தால்?

இதில்தான் பலர் ஒரு நாளைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். வாரத்தில் ஐந்து நாள் வேலை பார்ப்பவருக்குச் சனிக்கிழமை வேலை இல்லாத நாள். அந்த நாளில் பொது விடுமுறை வந்தால் மாற்றாக இன்னொரு நாள் விடுப்போ ஒரு நாள் கூடுதல் சம்பளமோ கொடுக்க வேண்டும். 2026 நோன்புப் பெருநாள் அப்படிப்பட்ட சனிக்கிழமை. உங்கள் நிறுவனம் நாளாகத் தருமா, பணமாகத் தருமா, நாளாகத் தந்தால் எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும் என்பதை மனிதவளப் பிரிவிடம் முன்பே கேட்டுவிடுங்கள். அந்த ஒரு நாளை வேறொரு நீண்ட வார இறுதியோடு சேர்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறவருக்கு இந்த மாற்று நாள் கிடையாது. அவருக்கு அந்தச் சனியே விடுமுறை.

எனக்கு ஷிஃப்ட் வேலை. வார ஓய்வு புதன்கிழமை. ஹஜ்ஜுப் பெருநாள் புதன் வருகிறதே?

ஓய்வு நாளில் பொது விடுமுறை வந்தால் அதற்கு அடுத்த வேலை நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறை. உங்களுக்கு அது வியாழன், மே 28. ஷிஃப்ட் அட்டவணை போடும்போதே மேற்பார்வையாளரிடம் ஞாபகப்படுத்துங்கள். அட்டவணை ஒட்டிய பிறகு மாற்றச் சொன்னால் இன்னொருவரின் திட்டம் கெடும்.

சட்டப்படி எனக்கு எத்தனை நாள் ஆண்டு விடுப்பு?

வேலை நியமனச் சட்டம் சொல்வது குறைந்த அளவு. முதல் ஆண்டில் 7 நாள். பிறகு ஆண்டுக்கு ஒரு நாள் கூடி, எட்டாம் ஆண்டிலிருந்து 14 நாள். மூன்று மாதம் வேலை பார்த்து முடித்தவருக்கு உரிமை தொடங்கிவிடும். ஆண்டு முடியாவிட்டால் பார்த்த மாதங்களுக்கு ஏற்பக் கணக்கு. 7 நாள் உரிமையில் ஆறு மாதம் என்றால் மூன்றரை வரும். அரை நாளும் அதற்கு மேலும் வந்தால் முழு நாளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதால் 4 நாள்.

பல நிறுவனங்கள் இதைவிடக் கூடுதலாகவே தருகின்றன. உங்கள் எண்ணிக்கை உங்கள் வேலை ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிகளை வைத்திருப்பவர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். வீட்டுப் பணிப்பெண்களுக்குப் பொருந்தாது. அவர்களுடைய ஆண்டு விடுப்பும் ஊர்ப் பயணமும் முதலாளியோடு செய்த ஒப்பந்தத்தைப் பொறுத்தவை. உங்கள் வீட்டில் ஒருவர் வேலை செய்தால், அவர் ஊருக்குப் போகும் தேதியையும் உங்கள் குடும்பத் திட்டத்தோடு சேர்த்தே குறித்துவையுங்கள்.

விடுப்பில் இருக்கும்போது நடுவில் பொது விடுமுறை வந்தால் அந்த நாள் விடுப்பில் கழியாது. நாள்களைச் சேர்த்து எடுப்பதில் கிடைக்கும் லாபம் முழுக்க இதிலிருந்துதான் வருகிறது.

சரி, 2026இல் எங்கே விடுப்புப் போட்டால் அதிக நாள் கிடைக்கும்?

நான்கு இடங்களைச் சொல்வேன். சனி, ஞாயிறு ஓய்வு உள்ள ஐந்து நாள் வேலைக்காரரை வைத்துக் கணக்கிடுகிறேன்.

முதலாவது மே கடைசி. புதன் ஹஜ்ஜுப் பெருநாள், அடுத்த திங்கள் விசாகத்துக்கான விடுமுறை. நடுவில் வியாழன், வெள்ளி (மே 28, 29) இரண்டு நாள் மட்டும் விடுப்பு எடுத்தால் மே 27 முதல் ஜூன் 1 வரை ஆறு நாள். முந்தைய திங்களையும் செவ்வாயையும் சேர்த்து நான்கு நாளாக எடுத்தால் மே 23 முதல் ஜூன் 1 வரை பத்து நாள். ஊருக்குப் போய்வரப் போதுமான இடைவெளி இது. தீபாவளிக் கூட்டமும் இருக்காது. தமிழ்நாட்டில் வெயில் உச்சத்தில் இருக்கும் என்பதை மட்டும் வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் கூட்டிப் போகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது ஆண்டு இறுதி. கிறிஸ்துமஸ் வெள்ளி, 2027 புத்தாண்டும் வெள்ளி. நடுவில் டிசம்பர் 28 முதல் 31 வரை நான்கு நாள் விடுப்பு எடுத்தால் பத்து நாள். இதுவும் மே மாதமும் எண்ணிக்கையில் சமம். டிக்கெட் விலையில் சமமில்லை. பள்ளி விடுமுறையும் ஆண்டு இறுதிக் கூட்டமும் சேர்ந்துகொள்வதால் டிசம்பர் கடைசி வாரம் விலை கூடிய காலம். பயணம் போகாமல் வீட்டில் ஓய்வெடுக்க நினைப்பவருக்குத்தான் இந்தப் பத்து நாள் நன்றாகப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

மூன்றாவது சீனப் புத்தாண்டு. பிப்ரவரி 16 திங்கள் ஒரு நாள் எடுத்தால் 14 முதல் 18 வரை ஐந்து நாள். 19, 20 இரண்டையும் சேர்த்தால் மொத்தம் மூன்று நாள் விடுப்பில் ஒன்பது நாள். 2026இன் மிகச் சிக்கனமான கணக்கு இதுதான். ஒன்றைக் கவனியுங்கள். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள் பல அலுவலகங்களில் அரை நாள் வேலை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை, வழக்கம்தான். உங்கள் அலுவலகத்திலும் அந்த வழக்கம் இருந்தால், 16ஆம் தேதிக்கு அரை நாள் விடுப்புப் போட்டால் போதுமா என்று கேளுங்கள்.

நான்காவது தீபாவளி. அதற்குத் தனியாகப் பதில் கீழே இருக்கிறது.

பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். இந்தக் கணக்கு அப்படியே பொருந்துமா?

முழுவதும் பொருந்தாது. 2026இல் ஜூன் பள்ளி விடுமுறை மே 30 சனிக்கிழமை தொடங்குகிறது. மேலே சொன்ன மே 28, 29 பள்ளி நாள்கள். அந்த இரண்டு நாளுக்காகப் பிள்ளைகளை வீட்டில் நிறுத்துவதைவிட, மே 30 கிளம்பி ஜூன் முதல் வாரத்தில் விடுப்பு எடுப்பது நல்லது. ஜூன் 1 திங்கள் விடுமுறை என்பதால் 2 முதல் 5 வரை நான்கு நாள் எடுத்தால் மே 30 முதல் ஜூன் 7 வரை ஒன்பது நாள். ஒரே ஒரு நாள்தான் குறைகிறது, பிள்ளைகளின் படிப்பில் கைவைக்க வேண்டியதில்லை.

மார்ச் பள்ளி விடுமுறை 14 முதல் 22 வரை. நோன்புப் பெருநாள் அதன் கடைசியில் வருகிறது. பெருநாளுக்கு ஊர் போக விரும்பும் குடும்பங்களுக்கு இது நல்ல ஆண்டு. ஊரில் பிறை பார்த்து அறிவிக்கும் நாள் இங்குள்ள தேதியிலிருந்து ஒரு நாள் தள்ளி வரலாம். ஆகவே திரும்பும் டிக்கெட்டைப் பெருநாளுக்கு மறுநாளே போடாதீர்கள்.

பெரியவர்களுக்கு விடுமுறை இல்லாத, பிள்ளைகளுக்கு மட்டும் விடுமுறையான நாள்களும் உண்டு. இளையர் தினத்துக்காக ஜூலை 6 திங்கள், ஆசிரியர் தினத்துக்காக செப்டம்பர் 4 வெள்ளி, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிறுவர் தினத்துக்காக அக்டோபர் 2 வெள்ளி. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள் இந்த நாள்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். ஏழு வயதுக்குட்பட்ட சிங்கப்பூர்க் குடிமகப் பிள்ளையின் பெற்றோருக்கு ஆண்டுக்கு 6 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. பிள்ளை குடியுரிமை பெறாதவர் என்றால் 2 நாள். இந்த மாதிரி நாளுக்கு முதலில் அதை எடுங்கள். ஆண்டு விடுப்பை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

தீபாவளிக்கு ஊர் போக வேண்டும். எப்படித் திட்டமிடுவது?

2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. தமிழ்நாட்டிலும் அன்றுதான். இங்கே திங்கள் விடுமுறை. வெள்ளி ஒரு நாள் மட்டும் எடுத்தால் நான்கு நாள், 6 முதல் 9 வரை. சிங்கப்பூரிலிருந்து தமிழ்நாட்டுக்கு விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம்தான். ஆனால் விமான நிலையத்திலிருந்து ஊருக்குப் போகும் நேரத்தைச் சேர்த்தால் நான்கு நாளில் இரண்டு நாள் வழியிலேயே கழிந்துவிடும். இந்த வடிவத்தை நான் சொல்ல மாட்டேன்.

இரண்டு வழிகள் நல்லவை. ஒன்று, தீபாவளிக்குப் பிந்தைய வாரத்தை எடுப்பது. 10 முதல் 13 வரை நான்கு நாள் விடுப்பு, நவம்பர் 7 முதல் 15 வரை ஒன்பது நாள். சனிக்கிழமை போய்ச் சேர்ந்து, மறுநாள் காலை எண்ணெய்க் குளியலுக்கு வீட்டில் இருக்கலாம். அதற்குப் பிறகு சொந்தக்காரர் வீடுகள், குலதெய்வம் கோயில், வங்கி, பத்திர வேலை என்று நிதானமாகப் பார்க்கலாம். மற்றொன்று, முந்தைய வாரத்தை எடுத்துத் திங்களன்று திரும்புவது. வீட்டைச் சுத்தம் செய்வதிலும் பலகாரம் சுடுவதிலும் அம்மாவுக்குக் கூடமாட இருக்க நினைப்பவர்களுக்கு இது. இந்த வழியில் போகும்போது டிக்கெட் சற்று எளிதாகக் கிடைக்கும், திரும்பும்போதுதான் நெரிசல். முதல் வழியில் நேர்மாறு.

எந்த விமான நிலையத்தில் இறங்குவது என்பதிலும் நாள் மிச்சமாகும். தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் போகிறவர் திருச்சியில் நேரடியாக இறங்க முடியும்போது சென்னைக்குப் போவது வீண் சுற்று. கொங்குப் பக்கம் என்றால் கோயம்புத்தூர். இந்த விமானங்கள் கொஞ்சம் விலை கூடியிருந்தாலும், பண்டிகை நாளில் சென்னையிலிருந்து தெற்கே போகும் ஆம்னி பஸ் கட்டணத்தையும் ஓர் இரவுத் தூக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பாருங்கள்.

சென்னையில்தான் இறங்க வேண்டும் என்றால் ரயிலை இப்போதே யோசியுங்கள். இந்திய ரயில்வே 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டது. நவம்பர் 6 வெள்ளி இரவு ரயிலுக்கு செப்டம்பர் 7 அன்று முன்பதிவு திறக்கும். இந்திய நேரம் காலை 8 மணி, நமக்கு 10.30. அந்த நேரத்தில் அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஊரில் இருக்கும் தம்பியிடமோ மச்சானிடமோ முதல் நாளே சொல்லி வையுங்கள். தொடக்க நேரத்தில் ஆதார் இணைத்த கணக்குக்கே வழி என்பதால் அவர்கள் பதிவு செய்வதே எளிது. தென்மாவட்ட அரசு பஸ்கள் 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. விமான நிலையத்திலிருந்து கோயம்பேடுக்குப் போய்த் திரும்பி வர வேண்டாம்.

சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு இந்தியா போக விசாவோ, இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டையோ தேவை. வீட்டில் ஒருவருக்கு இந்தியக் கடப்பிதழ், இன்னொருவருக்குச் சிங்கப்பூர்க் கடப்பிதழ் என்று இருந்தால் ஒவ்வொருவருடையதையும் தனித்தனியாகப் பாருங்கள். கடப்பிதழில் ஆறு மாதமாவது செல்லுபடிக் காலம் இருக்கட்டும்.

பொங்கலும் தைப்பூசமும் ஏன் விடுமுறை இல்லை? அந்த நாள்களுக்கு என்ன செய்வது?

தைப்பூசம் ஒரு காலத்தில் இங்கே பொது விடுமுறையாக இருந்தது. 1968இல் பொது விடுமுறைகளை 16லிருந்து 11ஆகக் குறைத்தபோது ஒவ்வொரு சமயத்தாரும் சிலவற்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. இந்துக்களுக்குத் தீபாவளி நின்றது, தைப்பூசம் போயிற்று. முஸ்லிம்கள் நபிகள் நாயகத்தின் பிறந்தநாளை விட்டார்கள், கிறிஸ்துவர்கள் ஈஸ்டர் திங்களை விட்டார்கள். தைப்பூசத்தைத் திரும்பக் கேட்கும் குரல் இன்றும் எழுகிறது. அந்தக் கோரிக்கையில் எனக்கும் ஈடுபாடு உண்டு. ஆனாலும் காவடி எடுப்பவர் அதற்காகக் காத்திருக்க முடியாது, விடுப்பைப் பார்த்தாக வேண்டும்.

2026 தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிறு. பொது விடுமுறையாக இல்லாததால் திங்கள் தானாகக் கிடைக்காது. சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை காவடி சுமந்து நடந்தவருக்கு மறுநாள் ஓய்வு வேண்டும். பிப்ரவரி 2க்கு ஒரு நாள் போட்டுவையுங்கள். தமிழ்நாட்டில் பொங்கல் ஜனவரி 15, வியாழன். அதையும் வெள்ளியையும் எடுத்தால் நான்கு நாள்.

சட்டத்தில் இன்னொரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. முதலாளியும் ஊழியரும் ஒப்புக்கொண்டால் ஒரு பொது விடுமுறையை வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். புனித வெள்ளியன்று வேலைக்கு வந்து, அந்த விடுமுறையைத் தைப்பூசத்துக்கோ பொங்கலுக்கோ எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்கலாம். எழுத்தில் வாங்கிவையுங்கள். அன்று அலுவலகம் திறந்திருக்குமா, செய்ய வேலை இருக்குமா என்பதைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

தீபாவளிக்கு எங்கள் பிரிவில் எல்லோருமே விடுப்புக் கேட்கிறார்கள். எனக்கு மறுத்துவிட்டார்கள். என்ன செய்ய?

வேலை தேங்கும் என்றால் குறிப்பிட்ட தேதியை மறுக்க முதலாளிக்கு இடம் உண்டு. ஆண்டு விடுப்பு உங்கள் உரிமைதான், ஆனால் எந்தத் தேதியில் என்பது பேசி முடிவாக வேண்டியது. ஆகவே விண்ணப்பம் போடுவதற்கு முன்பே பேச்சைத் தொடங்க வேண்டும்.

நான் பார்த்ததில் நன்றாக நடக்கும் இடங்களில் எல்லாம் ஒரே மாதிரி ஏற்பாடுதான். சீனப் புத்தாண்டு வாரத்தில் தமிழர்களும் மலாய்க்காரர்களும் வேலையைத் தாங்கிக்கொள்வார்கள். நோன்புப் பெருநாளுக்கு மற்றவர்கள். தீபாவளி வாரத்தில் சீன, மலாய்ச் சகாக்கள் நம் இடத்தில் நிற்பார்கள். இது தானாக நடக்காது. ஜனவரியிலேயே, "சீனப் புத்தாண்டுக்கு நான் நிற்கிறேன், நவம்பரில் எனக்கு ஒரு வாரம் வேண்டும்" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொன்னபடி பிப்ரவரியில் நின்றும் காட்ட வேண்டும். மேலே சொன்ன மூன்று நாளில் ஒன்பது நாள் என்ற சீனப் புத்தாண்டுக் கணக்கு எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும், தீபாவளிக்கு ஊர் போக நினைப்பவர் அதைச் சீனச் சகாக்களுக்கு விட்டுக்கொடுப்பதே சரி என்று உறுதியாக நம்புகிறேன். அவர்களுக்கு அது குடும்பம் ஒன்றுகூடி உண்ணும் நாள். நமக்கு அது வெறும் நீண்ட வார இறுதி.

பிரிவில் எல்லோரும் தமிழர்கள் என்றால் முறை வைத்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு போனவர் இந்த ஆண்டு நிற்கட்டும். ஊரில் தலைதீபாவளி, வீட்டில் முதல் குழந்தை, அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் என்று இருப்பவருக்கு முதலிடம் கொடுங்கள். கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்க்கும் தம்பிகள் ஓராண்டு, இரண்டாண்டு கழித்துத்தான் ஊர் பார்க்கிறார்கள். அவர்களை மேற்பார்வையிடும் இடத்தில் நம்மவர் யாராவது இருந்தால், அந்த விடுப்புத் தாளை மேசையில் கிடக்க விடாமல் சீக்கிரம் பதில் சொல்லுங்கள். நாள் தள்ளத் தள்ள அவருடைய டிக்கெட் விலை ஏறும்.

பொது விடுமுறையன்று வேலைக்கு வரச் சொன்னால்?

அன்றைக்கான வழக்கமான சம்பளத்தோடு, கூடுதலாக ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் தர வேண்டும். மாற்று விடுப்பாகத் தருவதும் உண்டு. ஊர்ப் பயணத்துக்கு நாள் சேர்க்கிறவர்கள் பணத்தைவிட மாற்று நாளைக் கேட்டுப்பார்க்கலாம்.

விடுமுறைக்கு முந்தைய நாள் சொல்லாமல் நின்றுவிட்டால் என்ன ஆகும்?

பொது விடுமுறைக்கு முந்தைய வேலை நாளிலோ அடுத்த வேலை நாளிலோ அனுமதியில்லாமல் வராமல் இருந்தால் அந்த விடுமுறைக்கான சம்பளம் கிடையாது. வராத நாளின் சம்பளமும் போகும். மருத்துவச் சான்றிதழை நீண்ட வார இறுதிக்காக எடுப்பதும் வேண்டாம். மற்றவர் நிஜமாகவே நோயில் படுக்கும்போது அவரையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

நீண்ட வார இறுதியில் ஜொகூர், மலாக்கா போக நினைக்கிறோம். எந்த நேரம் கிளம்பலாம்?

விடுமுறைக்கு முந்தைய நாள் மாலையும், விடுமுறையின் முதல் நாள் காலையும் உட்லண்ட்ஸ், துவாஸ் எல்லைச் சோதனைச்சாவடிகளில் கடும் நெரிசல். காரில் போகிறவர்கள் மூன்று மணி நேரம் வரை காத்திருக்க நேரிடலாம் என்று குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையமே இத்தகைய நாள்களில் எச்சரிக்கிறது. பண்டிகைக் காலத்தில் இரு சோதனைச்சாவடிகளையும் ஒரே நாளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடக்கிறார்கள். ஜொகூரின் வார ஓய்வு 2025 ஜனவரி 1 முதல் வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. இரு கரைக்கும் இப்போது ஓய்வு ஒரே நாளில்.

வெள்ளி விடுமுறை என்றால் வியாழன் மாலைக்குப் பதில், வெள்ளி மதியத்துக்குப் பிறகு கிளம்பி, ஞாயிறு மாலைக்கு முன் திரும்புங்கள். மலாக்காவுக்குப் போகிறவர்களுக்குத் துவாஸ் வழி வசதி. சாலைக் கேமராப் படங்களைக் கிளம்பும் முன் பாருங்கள். கடப்பிதழுக்குப் பதில் கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கடக்கும் வசதி 2024 மார்ச்சில் தரைவழிச் சாவடிகளில் தொடங்கியது. ஒரே காரில் குடும்பமாகப் போகும்போது நேரம் மிச்சம். மலேசியப் பக்கத்துக்குக் கடப்பிதழ் கையில் இருக்கத்தான் வேண்டும்.

சிங்கப்பூர்க் கார்களுக்கு மலேசிய வாகன நுழைவு அனுமதி கட்டாயம். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத கார்களுக்கு 300 ரிங்கிட் அபராதம். எல்லையைத் தாண்டும்போது பெட்ரோல் தொட்டி முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும் என்ற சிங்கப்பூர் விதியையும் மறக்க வேண்டாம்.

உட்லண்ட்ஸுக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே ஓடும் ஷட்டில் தெப்ராவ் ரயில் ஐந்து நிமிடத்தில் கடந்துவிடும். நீண்ட வார இறுதி டிக்கெட்டுகள் வெகு முன்பே தீர்ந்துவிடுவதால், விடுப்பு உறுதியான அன்றே பாருங்கள்.

இந்தியக் கடப்பிதழ், சிங்கப்பூரில் வேலை அனுமதி. மலேசியா போக விசா வேண்டுமா?

2026 டிசம்பர் 31 வரை இந்தியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவில் தங்கலாம். மலேசிய மின்னிலக்க வருகை அட்டையை மட்டும் போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். தரைவழியாகத் திரும்பும் சிங்கப்பூர்வாசிகளுக்கு, வேலை அனுமதி வைத்திருப்பவர் உட்பட, சிங்கப்பூர் வருகை அட்டை தேவையில்லை. விமானத்தில் திரும்பினால் நிரப்ப வேண்டும், அதுவும் இலவசமே. வேலை அனுமதி எப்போது முடிகிறது என்பதையும் கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள்.

விடுப்புக்கு அனுமதி வரும் முன்பே மலிவாக டிக்கெட் கிடைக்கிறது. வாங்கிவிடலாமா?

வேண்டாம். பணத்தைத் திருப்பித் தராத மலிவு டிக்கெட்டைக் காட்டி அனுமதி கேட்பது மேலதிகாரிக்கு நெருக்கடி கொடுப்பது போல ஆகும். முதலில் விண்ணப்பம், எழுத்தில் அனுமதி, அன்றே டிக்கெட்.

ஆண்டு விடுப்பு முழுவதையும் நீண்ட வார இறுதிகளுக்கே திட்டமிட்டு முடித்துவிடலாமா?

முடிக்காதீர்கள். மற்ற எல்லாப் பதில்களையும்விட இதை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

நெருங்கிய உறவினர் இறந்தால் எடுக்கும் துக்க விடுப்பு சிங்கப்பூர்ச் சட்டத்தில் கட்டாயமில்லை. நிறுவனம் ஒப்பந்தத்தில் கொடுத்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கொடுக்கும் இடங்களிலும் அது சில நாள்தான். ஊரில் காரியம் முடியும்வரை இருக்க அது போதாது. அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை, அம்மா கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவு என்று வரும் அழைப்புக்கோ அந்த விடுப்பும் உதவாது. அப்போது கையில் இருக்க வேண்டியது ஆண்டு விடுப்பு. அது இல்லாதவர் சம்பளமில்லா விடுப்புக் கேட்டு நிற்க வேண்டும், அல்லது போகாமலே இருக்க வேண்டும்.

பெற்றோர் ஊரில் இருக்கும் ஒவ்வொருவரும் மொத்த விடுப்பில் மூன்றில் ஒரு பங்கையாவது அக்டோபர் வரை தொடாமல் வைத்திருங்கள் என்பேன். 14 நாள் உள்ளவருக்கு அது ஐந்து நாள் அளவில். தீபாவளிக்கு ஊர் போகும் குடும்பங்களுக்கு இது தானாகவே பொருந்திவிடும். நவம்பரில் எடுக்கவிருக்கும் அந்த நான்கைந்து நாளே ஆண்டு முழுதும் அவசரத்துக்கான சேமிப்பாகவும் இருக்கும். மே மாதத்தில் பெரிய பயணம் போய் எல்லாவற்றையும் முடித்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 7 நாள் மட்டுமே உள்ள புதியவர்கள் முதல் ஆண்டில் பொது விடுமுறைகளாகவே அமையும் ஆறு நீண்ட வார இறுதிகளை அனுபவித்துவிட்டு, விடுப்பைக் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

அப்படி வைத்திருந்து, ஆண்டு முடியும்போது மீதியிருந்தால் போய்விடுமா?

அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாமா, எத்தனை நாள், எந்த மாதத்துக்குள் எடுக்க வேண்டும் என்பவை பெரும்பாலும் நிறுவன விதியில் இருக்கும். செப்டம்பரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கொண்டுபோக முடியாது என்றால் டிசம்பர் 28 முதல் 31 வரை இருக்கவே இருக்கிறது.

பட்டியலில் இல்லாத பொது விடுமுறை திடீரென வருமா?

எப்போதாவது வரும். தேர்தல் வாக்களிப்பு நாள் பொது விடுமுறை. 2023 செப்டம்பர் 1 அதிபர் தேர்தல் வெள்ளியன்று வந்தது. 2025 மே 3 பொதுத் தேர்தல் சனிக்கிழமை என்பதால் ஐந்து நாள் வேலைக்காரர்களுக்கு மாற்று நாளோ சம்பளமோ கிடைத்தது. நாட்டின் 50ஆம் ஆண்டையொட்டி 2015 ஆகஸ்ட் 7ஆம் தேதியும் கூடுதல் விடுமுறையானது. அப்படி ஒரு நாள் நீங்கள் ஏற்கெனவே விடுப்பு எடுத்திருக்கும் தேதியில் வந்தால், அந்த விடுப்பு நாளைத் திரும்பக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.